ரசிகரின் குரலும் ஒப்பந்தத்தின் கையெழுத்தும்

2024-ஆம் ஆண்டு மே மாதக் கோடை விடுமுறையில், பதினொன்றாம் வகுப்புக்குச் செல்லவிருந்த என் பேத்தியும் அவளுடைய தோழர்கள் இருவரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சூடாக வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். தேர்வு மதிப்பெண் பற்றிய பேச்சாக இருக்கும் என்று எண்ணிச் செய்தித்தாளில் ஆழ்ந்திருந்தேன். காதில் விழுந்ததோ வேறு. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற மிகுபுனைவு நாவலின் உலகத்திலிருந்து இன்னும் ஒரு திரைப்படம் வரப்போவதாக அந்த வாரம் அறிவிப்பு வெளியாகியிருந்தது. அதில் அரகார்ன் என்ற வீரனாக யார் நடிப்பது, அதை யார் இயக்குவது என்பதுதான் விவாதம்.

விகோ மோர்டென்சனைத் தவிர வேறு எவரையும் அந்த வேடத்தில் ஏற்க முடியாது என்றாள் பேத்தி. அவர் 1958-இல் பிறந்தவர், ஏறக்குறைய உன் தாத்தாவின் வயது, காட்டில் ஓடித் திரியும் இளமைக் காலத்துக் கதைக்கு எப்படிப் பொருந்துவார் என்று கேட்டான் ஒருவன். நடிகர் யாரானால் என்ன, இயக்குநர் பீட்டர் ஜாக்சனாக இல்லாதபோது படம் எப்படி உருப்படும் என்றான் மற்றவன். பிறகு மூவரும் என் பக்கம் திரும்பி, “நீங்கள் சொல்லுங்கள் தாத்தா, யார் சரி?” என்றார்கள். “முதலில் அந்தக் கதை இப்போது யாருக்குச் சொந்தம் என்று கேளுங்கள்” என்றேன். சிரித்துவிட்டு மீண்டும் தங்கள் வாதத்துக்கே போய்விட்டார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்தவனுக்கு அந்தச் சிரிப்பு பழக்கமானதுதான். ஆனால் என் பதில் விளையாட்டாகச் சொன்னதன்று. ரசிகர்களின் இந்த வாதம் உலகெங்கும் இன்றும் ஓயவில்லை. அதை வேலையற்றோரின் வெட்டிப் பேச்சு என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அப்படி ஒதுக்கமாட்டேன். நுகர்வோர் தம் அதிருப்தியை எப்படிச் சொல்கிறார்கள், அது யார் காதுக்குப் போகிறது, எந்த முடிவை மாற்றுகிறது என்ற பழைய பொருளியல் கேள்வி அதில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு நான் பாக்கி வைத்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்தி. வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அறிவித்த அந்தப் படத்தின் பெயர் ‘தி ஹன்ட் ஃபார் கோல்லம்’. முந்தைய படங்களில் கோல்லம் என்ற விந்தைப் பிறவியாக நடித்துப் புகழ்பெற்ற ஆண்டி செர்கிஸ் இதை இயக்குகிறார். ஜாக்சன் தயாரிப்பாளர்களுள் ஒருவர். 2026-இல் வெளிவரும் என்று முதலில் சொல்லப்பட்டது, பின்னர் 2027 டிசம்பருக்குத் தள்ளிப்போனது. மூல நூலில் இந்த வேட்டைக்கென்று தனி அத்தியாயம் கிடையாது. பாத்திரங்களின் உரையாடலிலும் பின்னிணைப்பிலுள்ள காலவரிசையிலும் சிதறிக் கிடக்கும் சில பக்கங்கள்தான் ஆதாரம். அந்தச் சில பக்கங்களிலிருந்து ஒரு முழுநீளப் படம் உருவாகப்போகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பிறகு இதற்குத் திரும்ப வருவேன்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970-இல் ஒரு சிறிய நூல் வெளியிட்டார். வெளியேறல், குரல், விசுவாசம் என்ற மூன்று சொற்களே அதன் தலைப்பு. ஒரு நிறுவனத்தின் பொருள் தரம் குறையும்போது வாடிக்கையாளருக்கு இரண்டு வழிகள் உண்டு. வேறு கடைக்குப் போய்விடலாம், அல்லது இருந்த இடத்திலிருந்தே முறையிடலாம். முதலாவது வெளியேறல், இரண்டாவது குரல். நைஜீரியாவின் ரயில்வே ஏன் திருந்தவில்லை என்று யோசித்தபோது அவருக்கு இந்தச் சிந்தனை பிறந்தது. ரயிலில் குறை கண்டவர்கள் சரக்கை லாரியில் ஏற்றிவிட்டார்கள். சத்தம் போட்டுத் திருத்தக்கூடியவர்களே முதலில் வெளியேறிவிட்டதால் ரயில்வே தன் போக்கில் கிடந்தது. மூன்றாவது சொல்லான விசுவாசம், வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். வெளியேறாதவர் முறையிடுவார். ஆகவே விசுவாசம் மிகுந்த இடத்தில் குரலும் மிகும்.

டோல்கீன் ரசிகரை இந்தச் சட்டகத்தில் வைத்துப் பாருங்கள். சோப்பு பிடிக்கவில்லையென்றால் வேறு சோப்பு வாங்கலாம். அரகார்னின் கதையைப் படமாக்கும் உரிமை ஒரே கையில் இருக்கும்போது, பிடிக்காதவர் போவதற்கு இன்னொரு கடை இல்லை. நூலோடு நின்றுவிடலாமே என்று கேட்கலாம். அதுவும் எளிதன்று. நாவலில் எழுத்தாளர் ஒரு முகத்துக்குத் தருவது சில சொற்கள்தான், மிச்சத்தை வாசகரே வரைந்துகொள்கிறார். பதினான்கு வயதில் மனத்தில் வரைந்த அந்த முகத்தின் மேல் திரையில் தோன்றும் நடிகரின் முகம் வந்து அமர்ந்துவிட்டால் பிறகு அதை அகற்ற முடிவதில்லை. நூலை மீண்டும் திறந்தாலும் நடிகரே வந்து நிற்கிறார். ஆக, அந்த வாசகர் தம் உழைப்பையும் கொஞ்சம் போட்டு உருவாக்கிய ஒன்றை வேறொருவர் மாற்றுகிறார். குரல் உயர்வதில் வியப்பென்ன?

அந்தக் குரல் சில நேரங்களில் பலித்திருக்கிறது. ஜாக்சன் 1999 அக்டோபரில் மூன்று படங்களையும் ஒருசேரப் படமாக்கத் தொடங்கினார். இரண்டாவது படத்தின் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போரில், நூலில் அங்கே இல்லாத ஆர்வென் என்ற இளவரசி வாளேந்திப் போரிடுவதாகக் காட்சிகள் எடுக்கப்பட்டன. லிவ் டைலர் நடித்தார். செய்தி கசிந்ததும் வாசகர்கள் கொதித்தார்கள். அந்த எதிர்ப்பும் ஒரு காரணமாக, எடுத்த காட்சிகள் நீக்கப்பட்டு, பாத்திரம் மூலத்துக்கு நெருக்கமாக மாற்றி எழுதப்பட்டது. அது நல்ல திருத்தம் என்றே இன்று பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

ஆனால் ரசிகரின் தீர்ப்பு எப்போதும் சரியாகிவிடுவதில்லை. இன்று வேறொருவரை நினைத்தும் பார்க்க முடியாது என்று என் பேத்தி சொல்லும் மோர்டென்சன், முதலில் தேர்வானவர் அல்லர். ஸ்டூவர்ட் டவுன்சென்ட் என்ற இளைஞர்தான் அரகார்னாக ஒப்பந்தமாகியிருந்தார். படப்பிடிப்புக்கு வந்த பிறகு அவர் நீக்கப்பட, அவசரமாக அழைக்கப்பட்டவர் மோர்டென்சன். அவர் அந்த நாவலைப் படித்ததுகூட இல்லை. அதன் ரசிகனான அவருடைய பதினொரு வயது மகன் வற்புறுத்தியதால் ஒப்புக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை முழுவதும் விட்டுவிட்டதற்காக ஜாக்சன் வாங்கிய வசவு கொஞ்சமன்று. அப்பாத்திரம் இல்லாமலேயே முதல் படம் நன்றாக நின்றது. மூன்றாவது படம், போட்டியிட்ட 11 பிரிவுகளிலும் ஆஸ்கர் விருது பெற்றது. ஒரு படைப்பைக் குழுவாக்கெடுப்பில் உருவாக்க முடியாது. இயக்குநருக்குத் தவறு செய்யும் உரிமையும் வேண்டும்.

அப்படியானால் குரலின் பயன் என்ன? எங்கே வலிக்கிறது என்று அது சொல்கிறது. வலியின் காரணத்தைக் கண்டறிவது வேறு வேலை. இந்தப் படங்களின் வரலாற்றைக் கணக்குப் பார்ப்பவனின் கண்ணோடு படித்தபோது எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. ரசிகர்களை மிகவும் புண்படுத்திய முடிவுகளுள் பல, நடிகர் தேர்விலோ இயக்குநரின் மேசையிலோ தொடங்கவில்லை. அவை உரிமை ஒப்பந்தத்திலும் நிறுவனத்தின் கணக்கேட்டிலும் தொடங்கின.

டோல்கீனே இதை உணர்ந்திருந்தார். 1957, 1958-ஆம் ஆண்டுகளில் அவருடைய நூலைப் படமாக்க ஓர் அமெரிக்கக் குழு முன்வந்தது. தம் நிலைப்பாட்டைக் கடிதத்தில் அவர் வகுத்துக்கொண்டார். நல்ல பணம் கிடைக்க வேண்டும், அல்லது பிடிக்காதவற்றைத் தடுக்கும் அதிகாரம் தமக்கு வேண்டும் என்பதே அதன் சாரம். அந்தக் குழுவின் திரைக்கதையைப் பத்தி பத்தியாகக் குறை கண்டு அவர் எழுதிய நீண்ட கடிதம், இன்றைய ரசிகர் எவரும் எழுதக்கூடியதைப் போன்றது. தேவையற்ற இடத்தில் சண்டை, காரணமின்றி அவசரம், பாத்திரங்களின் இயல்பு திரிந்துவிட்டது என்பன அவருடைய புகார்கள். முயற்சி கைவிடப்பட்டது. 1969-இல் அவர் திரைப்பட உரிமையை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். பணமா, தடுக்கும் அதிகாரமா என்ற தெரிவில் பணம் வந்தது, அதிகாரம் போனது.

அதன் பிறகு அந்த உரிமை கைமாறிய கதை ஒரு நிலப் பத்திரத்தின் வில்லங்கச் சான்றிதழ் போல நீள்கிறது. 1976-இல் தயாரிப்பாளர் சால் ஸைன்ட்ஸ் வாங்கினார். 1978-இல் ரால்ஃப் பக்ஷி இயக்கிய கேலிச்சித்திரப் படம் பாதிக் கதையோடு நின்றது. 1990-களின் இறுதியில் மிராமாக்ஸ் நிறுவனத்திடம் ஜாக்சன் போனபோது, இரண்டு படமாகத் திட்டமிட்டதை ஒன்றாகச் சுருக்கச் சொன்னார்கள். அவர் நியூ லைன் நிறுவனத்தை நாடினார். மூன்று பாக நூலுக்கு மூன்று படம் ஏன் எடுக்கவில்லை என்று அங்கே கேட்டார்கள். நாம் பார்த்த முத்தொகுதி அந்த ஒரு கேள்வியில் பிறந்தது. எந்த நடிகரின் தேர்வைவிடவும் இந்த முடிவு பெரியது. அந்த நாளில் எந்த ரசிகரும் அந்த அறையில் இல்லை.

மூன்று படங்களும் 300 கோடி டாலரை நெருங்கிய வசூல் கண்டன. பிறகு நடந்ததைப் பாருங்கள். கணக்கைக் காட்டவில்லை என்று இயக்குநர் ஜாக்சனே நியூ லைன் மீது 2005-இல் வழக்குத் தொடுத்தார். வசூலில் 7.5 விழுக்காடு தர வேண்டிய ஒப்பந்தம் இருந்தும் உரியது வரவில்லை என்று டோல்கீனின் வாரிசுகளின் அறக்கட்டளை 2008-இல் வழக்குத் தொடுத்தது. இரண்டும் சமரசத்தில் முடிந்தன. நூலை எழுதியவரின் குடும்பமும் படத்தை எடுத்தவரும் நீதிமன்றப் படி ஏறித்தான் பங்கைக் கேட்க வேண்டியிருந்ததென்றால், சீட்டு வாங்கிப் பார்ப்பவரின் குரல் எவ்வளவு தூரம் எட்டும்?

‘தி ஹாபிட்’ இதற்குச் சரியான பாடம். 1937-இல் குழந்தைகளுக்காக எழுதப்பட்ட, ஒரே பாகத்தில் முடியும் நூல் அது. இதை இயக்க கியெர்மோ தெல் தோரோ நியமிக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் தயாரிப்புப் பணிகளில் ஈடுபட்டார். எம்.ஜி.எம். நிறுவனத்தின் நிதி நெருக்கடியால் திட்டம் இழுத்துக்கொண்டே போக, 2010 மே மாதம் அவர் விலகினார். ஜாக்சன் பொறுப்பேற்றார். இரண்டு படங்களாக எடுத்து முடித்த பிறகு, 2012 ஜூலையில், மூன்று படங்கள் என்று அறிவித்தார்கள். போதிய முன்தயாரிப்பு நேரமின்றி வேலையில் இறங்க நேர்ந்ததை ஜாக்சன் பிற்பாடு வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

ரசிகர்கள் அப்போது எதைப் பற்றி வாதிட்டார்கள்? நூலில் இல்லாத டாரியல் என்ற எல்ஃப் பெண் ஏன், அவளுக்கு ஒரு முக்கோணக் காதல் ஏன் என்று. அந்த வேடத்தில் நடித்த எவாஞ்சலின் லில்லி திட்டு வாங்கினார். முக்கோணக் காதல் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் நடிக்க ஒப்புக்கொண்டதாகவும், பிறகு கூடுதல் படப்பிடிப்புக்கு அழைக்கப்பட்டபோது அது சேர்ந்துவிட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். மூன்று படத்துக்குக் கதை போதாதபோது எதையாவது இட்டு நிரப்பத்தானே வேண்டும்? மூன்று படங்களும் சேர்ந்து முந்தைய முத்தொகுதிக்கு இணையாகவே வசூலித்தன. நிறுவனத்தின் கணக்கில் அந்த முடிவு சரி. இழப்பு முழுவதும் நூலின் பக்கத்தில்.

இன்னொரு இழப்பும் நேர்ந்தது. அதை ரசிகர்களில் பலர் அறியமாட்டார்கள். முந்தைய படங்களில் வேலை பார்த்த ஒரு மாதிரிப் பொருள் தயாரிப்பாளர் ஒப்பந்ததாரரா, ஊழியரா என்ற வழக்கில், அவர் ஊழியரே என்று நியூசிலாந்து உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்திருந்தது. 2010-இல் ‘தி ஹாபிட்’ படப்பிடிப்புக்கு முன், நியூசிலாந்து நடிகர்கள் கூட்டுப் பேரம் கேட்டார்கள். பல நாட்டு நடிகர் சங்கங்கள் அவர்களுக்குத் துணை நின்று, படத்தில் ஒப்பந்தமாக வேண்டாம் எனத் தம் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தின. அந்தத் தடையைச் சங்கங்கள் விலக்கிக்கொண்ட பிறகும், படப்பிடிப்பு வேறு நாட்டுக்குப் போய்விடும் என்ற அச்சம் நீங்கவில்லை. படம் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று அக்டோபர் 25-இல், அந்நாட்டின் தொழிலாளர் தினத்தன்று, பல நகரங்களில் மக்கள் பேரணி நடத்தினார்கள். வார்னர் நிர்வாகிகள் வந்து பிரதமர் ஜான் கீயைச் சந்தித்தார்கள். அக்டோபர் 29-இல், அவசர நடைமுறையில், நாடாளுமன்றம் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியது. திரைப்படத் தொழிலில் வேலை செய்வோர், வேறுவிதமாக எழுதப்படாதவரை, தற்சார்பு ஒப்பந்ததாரர்களாகவே கருதப்படுவர் என்றானது. வரிச் சலுகையும் ஒரு படத்துக்கு 75 லட்சம் டாலர் வரை கூட்டப்பட்டது. பறிபோன கூட்டுப் பேர உரிமையைத் திரும்பத் தரும் புதிய சட்டம் 2022-இல்தான் நிறைவேறியது.

ஒரு குழந்தைக் கதையைப் படமாக்குவதற்காக ஓர் இறையாண்மை நாடு நான்கு நாள்களில் தன் தொழிலாளர் சட்டத்தை மாற்றிக்கொண்டது. அந்தப் பேரணிகளில் நின்றவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். படத்தின் மீதும் நாட்டின் மீதும் தம் வேலையின் மீதும் பற்றுள்ளவர்கள். ஹிர்ஷ்மன் சொன்ன விசுவாசம் அங்கே குரலாக எழுந்தது, ஆனால் எதிர்த் திசையில் எழுந்தது. நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வியை அது நடிகர்களிடம் கேட்டது. வெளியேறும் ஆற்றல் அங்கே நிறுவனத்துக்கு மட்டுமே இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அமேசான் நிறுவனத்தின் தொடருக்கு வருவோம். 2017-இல் தொலைக்காட்சி உரிமையை அது ஏறக்குறைய 25 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்திகள் வந்தன. ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ 2022 செப்டம்பரில் தொடங்கியது. முதல் பருவத்துக்கு மட்டும் ஏறத்தாழ 65 கோடி நியூசிலாந்து டாலர் செலவாகும் என்று அந்நாட்டு அமைச்சரே சொன்னார். ஆயிரக்கணக்கான ஆண்டு நிகழ்வுகளைச் சில மனிதர்களின் வாழ்நாளுக்குள் திணித்துவிட்டார்கள், மூலத்தில் இல்லாததை எல்லாம் புகுத்துகிறார்கள் என்பது வாசகர்களின் பெரிய குறை. குறை நியாயமானதுதான். ஆனால் அக்காலத்தின் வரலாற்றை விரிவாகச் சொல்லும் ‘தி சில்மரில்லியன்’ நூலுக்கான உரிமை அமேசானிடம் இல்லை. ‘தி ஹாபிட்’, ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ ஆகியவற்றிலும் அதன் பின்னிணைப்புகளிலும் உள்ளதை மட்டுமே அவர்கள் பயன்படுத்தலாம் என்பதைத் தொடரின் தலைமைப் படைப்பாளர்களே கூறியிருக்கிறார்கள். பொருளடக்கத்தை மட்டும் வாங்கிவிட்டு நூலை எழுத உட்கார்ந்ததைப் போன்ற நிலைமை. இடைவெளியைக் கற்பனையால் நிரப்ப வேண்டும் என்பது கையெழுத்திட்ட அன்றே முடிவாகிவிட்டது. அதற்கு ஐந்தாண்டு கழித்து இயக்குநரைத் திட்டி என்ன பயன்?

இந்தத் தொடரின் போதுதான் ரசிகர் குரலின் இழிந்த முகமும் வெளிப்பட்டது. எல்ஃப் வேடத்தில் இஸ்மாயில் குரூஸ் கோர்டோவாவும், குள்ளர் இளவரசியாக சோஃபியா நோம்வெட்டேயும், ஹார்ஃபுட் இனத்தவராக லென்னி ஹென்றியும் நடித்தார்கள். இவர்களது தோல் நிறத்தைக் காட்டி வசைகள் குவிந்தன. மூலத்துக்கு விசுவாசம் என்பது அந்த வசைகள் போர்த்திக்கொண்ட போர்வை. நூலின் முன்னுரைப் பகுதியைப் புரட்டியிருந்தால், ஹாபிட் இனத்தின் மூன்று கிளைகளுள் ஹார்ஃபுட்டுகள் மற்றவர்களைவிடப் பழுப்பு நிறத்தவர் என்று டோல்கீனே எழுதியிருப்பது தெரிந்திருக்கும். பழைய முத்தொகுதியின் நடிகர்கள் பொதுவெளியில் புதியவர்களின் பக்கம் நின்றார்கள். திட்டமிட்டுக் கொட்டப்பட்ட மதிப்பீடுகளைச் சலிக்க, பார்வையாளர் கருத்துகளை மூன்று நாள் நிறுத்திவைத்தது அமேசான்.

இதில் நான் காணும் தீங்கு இருவகை. நடிகர்கள் செய்யாத குற்றத்துக்கு அவமானப்பட்டார்கள் என்பது முதலாவது. அதுவே முதன்மையானது. இரண்டாவது, நேர்மையான விமர்சனம் அந்த வசையோடு சேர்த்து எண்ணப்பட்டது. கதை தொய்கிறது, வசனம் செயற்கையாக இருக்கிறது, காலவரிசை குழம்புகிறது என்று எழுதியவரும் வெறுப்புக் கூட்டத்தில் ஒருவராக ஒதுக்கப்பட்டார். நிறுவனத்துக்கு இது வசதியாகவும் அமைந்துவிட்டது. கள்ள நோட்டு புழங்கும் சந்தையில் நல்ல நோட்டையும் எவரும் நம்பி வாங்கமாட்டார்கள். தம் குரலுக்கு மதிப்பு வேண்டுமென்று விரும்பும் ரசிகர்கள்தாம் இந்த வசையை முதலில் கண்டித்திருக்க வேண்டும். ஒரு நடிகரின் நடிப்பைக் குறை சொல்லலாம். அவர் பிறந்த பிறப்பைக் குறை சொல்ல நூலும் இடம் தரவில்லை, நாகரிகமும் இடம் தரவில்லை.

இப்போது ‘தி ஹன்ட் ஃபார் கோல்லம்’ படத்துக்குத் திரும்பலாம். இதே பெயரில், இதே கதையில், 2009-இலேயே ஒரு படம் வந்துவிட்டது என்பது என் பேத்திக்குத் தெரியாது. பிரிட்டனைச் சேர்ந்த ரசிகர்கள் சம்பளமின்றி உழைத்து, சுமார் 3,000 பவுண்டு செலவில் எடுத்த 40 நிமிடப் படம் அது. இலாப நோக்கமின்றி இணையத்தில் இலவசமாக வெளியிட்டார்கள். பல லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் அரகார்ன் இருந்தான், கோல்லமும் இருந்தது. 2024 மே மாதம் புதிய படத்தின் அறிவிப்பு வந்தவுடன், வார்னர் நிறுவனத்தின் பதிப்புரிமைக் கோரிக்கையால் அந்தப் பழைய ரசிகர் படம் யூடியூபில் முடக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் எவருக்கும் இடையூறின்றி இருந்த படம். ரசிகர்கள் ஆர்ப்பரித்தார்கள். விரைவிலேயே தடை நீங்கிப் படம் மீண்டும் வந்தது.

இந்தச் சிறு நிகழ்ச்சிதான் நான் சொல்ல வந்ததை எல்லாவற்றிலும் தெளிவாகக் காட்டுகிறது. அந்தச் சில பக்கங்களில் ஒரு படம் இருக்கிறது என்பதை நிறுவனத்துக்குப் பல்லாண்டு முன்னரே கண்டவர்கள் ரசிகர்கள். சட்டத்தின் முன் அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. ஆயினும் அன்று அவர்களின் குரல் வென்றது. ஏனென்றால் அன்று கேட்டது முகத்தைப் பற்றி அன்று, உரிமையைப் பற்றி. யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்டார்கள். கேட்டது இன்னதென்று தெளிவாக இருந்தது.

ஆகவே ரசிகர்கள் விவாதத்தை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்னும் சில கேள்விகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். எத்தனை பாகம், அந்த எண்ணிக்கையைக் கதை தீர்மானித்ததா, கணக்கு தீர்மானித்ததா? மூலத்தின் எந்தப் பகுதிக்கு உரிமை வாங்கியிருக்கிறார்கள்? இயக்குநருக்கு முன்தயாரிப்புக்கு எவ்வளவு காலம் தந்தார்கள்? படத்தில் வேலை பார்ப்போருக்கு என்ன பாதுகாப்பு? ரசிகர்கள் தாமே செய்யும் படைப்புகளை நிறுவனம் எப்படி நடத்தப்போகிறது? அரகார்ன் யார் என்ற கேள்வியில் செலவாகும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு இவற்றுக்குப் போனால் போதும். நடிகர் தேர்வு அறிவிக்கப்படும்போது பெரும்பாலும் மற்ற எல்லாம் முடிந்திருக்கிறது.

நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சத்தம் போடும் ரசிகரைத் தொல்லை என்று கருதும் நிர்வாகி, ஹிர்ஷ்மனின் ரயில்வேயை நினைத்துக்கொள்வது நல்லது. குறை சொல்கிறவர் இன்னும் வெளியேறவில்லை. ஒருநாள் சத்தம் அடங்கினால், எல்லோரும் திருப்தியாகிவிட்டார்கள் என்று பொருள்கொள்ள முடியாது. சரக்கு லாரிக்கு மாறிவிட்டது என்றுதான் பொருள்.

மற்றொரு கணக்கும் உண்டு. தனியுரிமை என்றென்றைக்கும் நீடிப்பதில்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பிறகு, ‘பொன்னியின் செல்வன்’ எத்தனை பதிப்பகங்களிலிருந்து எத்தனை விலைகளில் வந்தது என்பதை நாம் கண்டோம். மணிரத்னம் 2022, 2023-இல் படமாக்கியபோது வந்தியத்தேவன் யார், நந்தினி யார் என்று நாமும் வாதிட்டோம். ஆனால் அது பிடிக்காதவர் நாளையே நாடகமாகவோ தொடராகவோ வேறுவிதமாக எடுக்கலாம், தடுப்பார் இல்லை. அங்கே வெளியேறலுக்கு வழி இருக்கிறது. டோல்கீன் இறந்தது 1973-இல். பிரிட்டனில் ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும், இந்தியாவில் 60 ஆண்டுகள். அவர் வாழ்ந்தபோது வெளியான நூல்கள் 2034 ஜனவரி 1 அன்று இந்தியாவில் பொதுச்சொத்தாகிவிடும். பெயர்கள் மீதான வணிகச் சின்ன உரிமைகள் தனி விவகாரம்.

அந்த ஆண்டு என் பேத்திக்கு இருபத்தாறு வயது நிரம்பும். இந்த நாட்டுக்குள் காட்டுவதற்கு, அரகார்னின் கதையைத் தமிழிலேயே எடுக்க அவள் விரும்பினால், லண்டனிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ எவரிடமும் அந்தக் கதைக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. யார் நடிப்பது, எத்தனை பாகம், உடன் உழைப்போருக்கு எவ்வளவு கூலி என்ற முடிவுகள் எல்லாம் அவளுடையவை. அவள் தேர்ந்தெடுத்த முகம் சரியில்லை என்று வாதிட, அன்று கூடத்தில் அமர்ந்திருந்த அந்த இரண்டு தோழர்களும் கட்டாயம் வருவார்கள். அவர்களுக்கும் அவள் காது கொடுக்க வேண்டும்.